ரேணிகுண்டாவுக்கு வராத கம்பெனி

அகமதாபாத்
6 ஜனவரி 2026

நைனாவுக்கு,

சங்கரி எழுதறேன். பாத்ததும் கிழிச்சிப் போட்டுடாதே, முழுசா படி.

போன் இருக்கும்போது எதுக்குக் கடுதாசின்னு தபால்காரர் கேட்டிருப்பாரு. என்ன பண்றது? ஏழு மாசமா எப்ப போன் பண்ணாலும் அம்மாதான் எடுக்குது. நீ பக்கத்துலயே குந்திக்கினு இருக்கறது எனக்குத் தெரியாதா? உன் கனைப்பு கேக்குது. நான் ஏதாவது தமாஷா சொன்னா நீ சிரிப்பை அடக்கிக்கினு தும்மற மாதிரி பண்றது கூட கேக்குது. ஆனா வாயைத் தொறக்க மாட்டே. நேத்து அம்மாவும் கையை விரிச்சிடுச்சி. “அவரு சொல்றதை உங்கிட்ட, நீ சொல்றதை அவருகிட்ட, எனக்கு இன்னா தலையெழுத்தா? இனிமே உங்க ரெண்டு பேர் சேதியில ஒண்ணைக்கூட நான் எடுத்துக்கினு போவ மாட்டேன். வோணும்னா கடுதாசி போட்டுக்கோங்க”ன்னு சொல்லிடுச்சி. அதான் போட்டுட்டேன்.

உன் கோவம் நியாயமான கோவமா இருந்தா நான் கால்ல விழுந்திருப்பேன். பைலட் ஆன பொண்ணை எந்த அப்பனாவது “நம்ம ஊருக்கு வராத கம்பெனியில எதுக்குச் சேந்தே?”ன்னு கேட்டு ஒதுக்கி வெப்பானா? நம்ம திருப்பதி ஏர்போர்ட் இருக்கற ரேணிகுண்டாவுக்கு நீலாம்பர் ஏர் வராது, ஒத்துக்கறேன். ஜெய்ப்பூர் போவும், இந்தூர் போவும், பாட்னா போவும். திருப்பதிப் பக்கம் தலைவெச்சிக் கூடப் படுக்காது. ஆனா எனக்கு வேலை குடுத்தது அது ஒண்ணுதான். மத்தவங்க ஒரு வருஷம் பொறுன்னாங்க. ஒரு வருஷம் சும்மா இருந்தா கை மறந்துடும், நைனா. இருபத்திரண்டு வருஷமா ஏர்போர்ட்டுல வேலை பாக்கற உனக்கு இதை நான் சொல்லணுமா?

“உன் பிளேனு ரேணிகுண்டாவுல வந்து நிக்கற வரைக்கும் உங்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்”னு போனை வெச்சே. சரி. ஆனா மார்ச் 31 உனக்கு ரிட்டையர்மென்ட்டுன்னு அம்மா சொல்லுச்சி. அதுக்கப்புறம் என் பிளேன் அங்க வந்தா என்ன, வராட்டி என்ன? நீ எந்தப் பக்கம் நின்னு பாப்பே?

இங்க குளிர் தாங்கல. பருப்புல சக்கரை போடறாங்க.

உன் பொண்ணு,
சிவசங்கரி


புத்தூர்
17 ஜனவரி 2026

சிவசங்கரிக்கு,

பேச மாட்டேன்னுதான் சொன்னேன். எழுத மாட்டேன்னு சொல்லல. அதனால எழுதறேன். என் சத்தியத்துல ஓட்டை எதுவும் விழல, அதை மொதல்ல தெரிஞ்சிக்கோ.

நான் சிரிப்பை அடக்கினேன்னு எழுதியிருக்கே. அது சளி.

உனக்கென்ன, நீ மேல பறந்துக்கினு கீறே. கீழ கெடந்து பேச்சு வாங்கறவன் நான்தானே. நீ டிரெய்னிங்குல இருக்கும்போதே ஊரு பூரா சொல்லிட்டேன், எம் பொண்ணு பிளேனு ரேணிகுண்டாவுல வந்து எறங்கும், நான்தான் அதைத் தள்ளுவேன்னு. இப்ப டீக்கடைக்குப் போனா, “இன்னா அப்பாவு, உம் பொண்ணு பிளேனு லேட்டா?”ன்றான். அரக்கோணம் பாசஞ்சர்ல தெனம் கூட வர்ற பூக்காரம்மா கூட கேக்குது. பொங்கலுக்கு வந்த உன் சித்தப்பன், “அண்ணா, பொண்ணு நெஜமா பைலட்டா, இல்ல டிக்கெட்டு கிழிக்குதா?”ன்னு கேட்டான். அவனுக்குக் கறிக்கொழம்பு ஊத்த வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். அவ ஊத்திட்டா.

நான் இன்னா கேட்டேன்? ரன்வேக்கு ஜல்லி கொட்டற கூலியா அந்த ஏர்போர்ட்டுக்குள்ள போனவன் நான். அப்புறம் லோடரு, அப்புறம் டிராக்டரு. பிளேனு முன்னால போவும், மேல பறக்கும், பின்னால மட்டும் தானா நவுராது. மூக்குச் சக்கரத்துல இரும்பு பாரை மாட்டி நாங்க டிராக்டர் வெச்சித் தள்ளணும். தள்ளி முடிச்சதும், சக்கரத்துல சொருவி வெச்ச பின்னைப் புடுங்கி, அதோட செவப்பு நாடா தெரியற மாதிரி தூக்கி பைலட்டுக்குக் காட்டணும். பின்னு எங்கிட்ட வந்துடுச்சி, இனிமே நீ தாராளமா போலாம்னு அர்த்தம். பைலட்டு பதிலுக்குக் கையைத் தூக்குவான். யார் யார் பெத்த புள்ளைங்களுக்கோ இத்தினி வருஷமா காட்டிட்டேன். எம் பொண்ணுக்கு ஒரே ஒரு தபா காட்டணும்னு நெனச்சேன். அது தப்புன்னா தப்புதான் போ.

உங்கம்மா ஊறுகா அனுப்பறா. நான் சொல்லல. அவளா அனுப்பறா.

இப்படிக்கு,
அ. அப்பாவு
டிராக்டர் டிரைவர்


அகமதாபாத்
9 பிப்ரவரி 2026

நைனா! நைனா! நைனா!

மொதல்ல குந்து. குந்திட்டியா? நீலாம்பர் ரேணிகுண்டாவுக்கு வருது!

கம்பெனி ரூட்டு ஒண்ணும் மாறல. இது சார்ட்டர். நம்ம ஊர்ல காணிப்பாக்கம் கோயிலுக்குப் போக வேன் பேசறோமே, அந்த மாதிரி ஒரு குடும்பம் பிளேனையே பேசி எடுத்திருக்கு. இந்த ஊர் துணி வியாபாரி ஒருத்தர், அவங்க தாத்தாவுக்கு எண்பது வயசு ஆவுதாம், மொத்த சொந்தமும் சேந்து திருமலைக்குப் போய் சாமி பாக்கணுமாம். நூத்தி அறுபத்தெட்டு பேர். இவங்க எல்லாரும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்கணும்னா வேற வழி கிடையாது, நேரா போற பிளேனே இல்லையே. அதனால கம்பெனி எப்பவும் போகாத ஊருக்கு இந்த ஒரு தபா போவுது. மார்ச் 28 காலையில எறக்கி விட்டுட்டு பிளேன் காலியா திரும்பிடும். மார்ச் 31 காலியா வந்து அவங்களை ஏத்திக்கும். மார்ச் 31, நைனா! உன் கடைசி நாள்!

இதைக் கேட்டதும் ஆபீஸ்லயே ஒரு குதி குதிச்சேன். பக்கத்துல இருந்தவங்க பயந்துட்டாங்க.

ஆனா ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு, அந்த பிளேனை யார் ஓட்டறதுன்னு டூட்டி லிஸ்ட் மார்ச் கடைசியிலதான் வரும். இங்க கோ-பைலட்டுங்கள்லயே நான்தான் சின்னவ, கேட்டதெல்லாம் கெடைக்காது. இன்னொண்ணு அதை விட மோசம். எங்களுது போயிங். எந்தெந்த ஏர்போர்ட்டுல என்ன சாமான் இருக்குன்னு ஒரு பட்டியல் பாத்தேன். திருப்பதிக்கு நேரா, இந்த பிளேனுக்குப் பொருந்தற பார் இல்லைன்னு போட்டிருக்கு. பார் இல்லாட்டி நீ எதை வெச்சித் தள்ளுவே?

ஊறுகா வந்துது. பாட்டில் மேல ‘மாங்கா, காரம் ஜாஸ்தி, பாத்துத் துன்னு’ன்னு எழுதியிருக்கு. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, நைனா.

உன் சங்கரி


புத்தூர்
16 பிப்ரவரி 2026

சங்கரிக்கு,

கடுதாசி படிச்சிட்டு கைகால் ஓடல. மாட்டுக்கு வெக்க வேண்டிய தவிட்டைக் கொண்டுபோய் அடுப்பாண்ட வெச்சிட்டேன்.

நீ சொன்ன பட்டியல் நெஜம். போயிங்கு பாரு எங்ககிட்ட இருந்துது, அந்தக் கம்பெனி இங்க வர்றதை நிறுத்தினதும் விஜயவாடாவுக்கு எடுத்துக்கினு போய்ட்டாங்க. நான் போய் எங்க மேனேஜர் ஆதிநாராயணன் சாரைக் கேட்டேன். அவரு சிரிச்சிக்கினே, “எந்துகய்யா அப்பாவு டென்ஷன்? ரெண்டு நாள் வேலை. பிளேனைக் கொஞ்சம் கோணலா நிறுத்தினா அதுவே திரும்பி வெளிய போயிடும். தள்ளவே வேணாம்”ன்றாரு.

தள்ளவே வேணாமாம்! எம் பொண்ணு பிளேனு எங்கண்ணு முன்னால வந்து, எங்கண்ணு முன்னால திரும்பி, என்னைக் கண்டுக்காம போயிடுமாம். நான் டிராக்டர்ல குந்திக்கினு டாட்டா காட்டணுமாம். எனக்கு வந்த கோவத்துக்கு அவரு டேபிள் மேல இருந்த தண்ணியை எடுத்துக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

ஆனா உங்கப்பன் சும்மா விடுவானா? எங்க மெக்கானிக்கு சிரஞ்சீவி ஒரு துப்பு குடுத்தான். பத்து வருஷத்துக்கு முன்னால ஒரு பழைய போயிங்கு பாரைக் கழிச்சிக்கட்டி ஏலத்துல வித்தாங்க. அது பழைய இரும்புக் கடைக்குப் போய், அங்கேருந்து நாராயணவனம் ரோட்டுல ஒரு மாந்தோப்புக்காரன் வாங்கி, தோப்புக் கேட்டுக்குக் குறுக்குக் கட்டையா போட்டு வெச்சிக்கினு கீறான்! நேரா போனேன். ரெண்டு நல்ல வேலங்கட்டை குடுத்துட்டு பாரைத் தூக்கிக்கினு வந்துட்டேன். உங்கம்மாவும் நானும் மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சோம். மஞ்ச குங்குமம் வெச்சாச்சி. மாட்டுக் கொட்டாயில பளபளன்னு படுத்துக்கினு கீது. தலை மட்டும் கொஞ்சம் கோணல், சுத்தியில தட்டினா சரியாயிடும்.

இனிமே எவன் தள்ள வேணாம்னு சொல்றான்னு பாக்கறேன்.

நைனா


அகமதாபாத்
22 பிப்ரவரி 2026

நைனா,

உனக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா?

கழிச்சிக்கட்டின பாரு! பத்து வருஷம் மழையிலயும் வெயில்லயும் மாந்தோப்புக் கேட்டுல கெடந்தது! தலை கோணலாம், சுத்தியில தட்டுவாராம்! நாப்பது டன் பிளேனை அதுல தள்ளும்போது தலை ஒடிஞ்சா என்ன ஆவும்னு எனக்கு நீதானே சொல்லிக் குடுத்தே? சின்ன வயசுல ஏர்போர்ட் கதை சொல்லும்போதெல்லாம், “சர்டிபிகேட் இல்லாத சாமானைத் தொட மாட்டான் அப்பாவு”ன்னு மாரைத் தட்டிக்குவியே, அந்த அப்பாவு எங்க போனாரு? நான் பைலட்டா சொல்றேன், அந்தக் கம்பியை என் பிளேன் மூக்குச் சக்கரத்துப் பக்கம் கொண்டுவரக் கூடாது. மஞ்ச குங்குமம் வெச்சது வெச்சதாவே இருக்கட்டும், கொட்டாயில மாட்டைக் கட்டிக்கோ.

திட்டிட்டேன். இப்ப நல்ல சேதி.

பழக்கமில்லாத ஊருக்குப் போகும்போது எங்க கம்பெனி தேவையான சாமானை பிளேன் வயித்துலயே போட்டு எடுத்துக்கினு போவும். டயரு, ஜாக்கி, கூட ஒரு இன்ஜினீயரு. மூணு துண்டா கழட்டி மாட்டற பார் ஒண்ணும் இருக்கு. கோணலா நிறுத்தினா போதும், பார் எதுக்குன்னு இங்கயும் கேட்டாங்க. நான் எங்க இன்ஜினீயர்கிட்டப் போய் உள்ளதைச் சொல்லிட்டேன். எங்க நைனா அங்க டிராக்டர் டிரைவர், அந்த மாசம் ரிட்டையர் ஆவறாரு, ஒரு தபா தள்ளணும்னு ஆசைப்படறாருன்னு. அந்த மனுஷன் உடனே, “பார் வரும்”னு சொல்லிட்டாரு. எனக்கு அழுகை வந்துடுச்சி.

28-ம் தேதி தள்ளினதும் பிளேன் போயிடும், பார் உங்ககிட்டயே இருக்கும், எங்க இன்ஜினீயரும் அங்கயே தங்கி, 31-க்கு அப்புறம் அதை லாரியில ஏத்திக்கினு வருவாரு. 31-க்கும் அதுதான். அது வரைக்கும் பத்திரம்.

இனி டூட்டி லிஸ்ட் ஒண்ணுதான் பாக்கி.

சங்கரி


புத்தூர்
12 மார்ச் 2026

அம்மாடி சங்கரி,

நீ திட்டினதை உங்கம்மாவுக்குப் படிச்சிக் காட்டினேன். நல்லா வோணும்னு சொன்னா. மாட்டுக் கொட்டாயில அந்த பாருலயே கன்னுக்குட்டியைக் கட்டிட்டோம், பாரு அசையல.

பாரு வருதுன்னு உங்க கம்பெனியிலேருந்து இங்க லெட்டர் வந்துடுச்சி. ஆதிநாராயணன் சார் என்னைக் கூப்ட்டு, “ஏமய்யா, பொண்ணை வெச்சி எனக்கே ஆர்டரா?”ன்னு கேட்டுட்டு ஸ்வீட்டு வாங்கியாரச் சொன்னாரு. ரெண்டு நாளும் சிரஞ்சீவி டிராக்டர் ஓட்டுவான். பின்னைக் காட்டறது ஹெட்செட்டு போட்டவன் வேலை, அதனால நான் ஹெட்செட்டு மாட்டிக்கினு கீழேருந்து காக்பிட்டுகிட்ட பேசுவேன். அதுக்கும் எங்கிட்ட சர்டிபிகேட் கீது, நீ சந்தேகப்படாதே.

ஊர்ல சொல்லிட்டேன். சொல்லாம எப்பிடி இருக்கறது? 28-ம் தேதி ரெண்டு டிராக்டர்ல கெளம்பறாங்க. பம்பைக்காரனைப் பேசியாச்சி. வேலிக்கு வெளிய ரோட்டோரமா நின்னு பாப்பாங்க. பிளேனு முன்னால தேங்கா ஒடைக்கணும்னு உன் சித்தப்பன் ஒத்தக்கால்ல நின்னான். ஒரு ஓட்டுத் துண்டு பறந்து வந்தா போதும், இன்ஜின் உறிஞ்சிடும்டா, ஒடைக்கறதா இருந்தா நம்ம ஊரு எல்லையிலயே ஒடைச்சிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்.

28-ம் தேதியே நீ வந்துடு. 31 வரைக்கும் எனக்குத் தாங்காது. பிளேனு வந்து நின்னதும் என் சத்தியம் முடிஞ்சிது. மொதல் வார்த்தை இன்னா பேசறதுன்னு தெனம் பாசஞ்சர்ல யோசிச்சிக்கினு போறேன்.

உன் நைனா


அகமதாபாத்
24 மார்ச் 2026

நைனா,

இன்னிக்கு லிஸ்ட் வந்துடுச்சி. 31-ம் தேதி நான்! கேப்டனுக்குப் பக்கத்து சீட்டு, திருப்பதி, என் பேரு!

28-ம் தேதி நான் இல்ல, நைனா. அன்னிக்கு என் கூட வேலை பாக்கற மன்பிரீத்னு ஒரு பஞ்சாபிப் பொண்ணு வருது. அதனால ஊர்க்காரங்களை 31-க்கு வரச் சொல்லு. பம்பைக்காரரையும் மாத்திடு.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன், நைனாகிட்ட உடனே சொல்லிடுன்னு கெஞ்சினேன். “நான்தான் சேதி எடுத்துக்கினு போவ மாட்டேன்னு சொல்லிட்டேனே”ன்னு சிரிக்குது. ஸ்பீடு போஸ்ட்டுல போடறேன். எப்படியும் 27-க்குள்ள வந்துடும்.

சங்கரி


புத்தூர்
28 மார்ச் 2026, சாயங்காலம்

அடியே சங்கரி,

ஒரு கடுதாசியும் வரல. உன் மேல, உங்கம்மா மேல, தபால் ஆபீஸு மேல, எல்லார் மேலயும் கோவமா கீறேன். நடுநடுவுல சிரிப்பும் வருது, அதுதான் இன்னும் கோவமா கீது.

காலையில ஊரே கெளம்பிச்சி. உங்கம்மா மட்டும் முட்டி வலின்னு சொல்லிட்டா. அப்பவே எனக்குத் தட்டியிருக்கணும். பெத்த பொண்ணு பிளேனு ஓட்டிக்கினு வருது, எவளாவது முட்டி வலின்னு படுப்பாளா?

பிளேனு பதினொண்ணு பத்துக்கு எறங்கிச்சி. நீல வாலு. வேலிக்கு வெளிய பம்பை அடிக்கறது எங்க வரைக்கும் கேக்குது. காவலுக்கு இருந்த போலீஸ்காரங்க இன்னா ஏதுன்னு ஓடிப்போய்ப் பாத்தா, உன் சித்தப்பன் துண்டைச் சுத்திக்கினு ஆடறான். நான் மேல நிமிந்து பாத்தேன். வலது பக்க சீட்டுல பொம்பளப் புள்ள, கறுப்புக் கண்ணாடி, பின்னால குடுமி. கையை ஆட்டிச்சி. எனக்குக் கண்ணு கட்டிடுச்சி. அந்தத் தாத்தா குடும்பம் எறங்கி பஸ்ஸுல ஏறற வரைக்கும் எப்பிடி நின்னேன்னே தெரியல.

பாரை மாட்டி, பின்னைச் சொருவி, ஹெட்செட்டு போட்டேன். இத்தினி நாளா யோசிச்ச வார்த்தை ஒண்ணும் வரல. வாயில வந்தது இதுதான்: “அம்மாடி, துன்னியா?”

பதிலுக்கு இங்கிலீஷுல வேற ஒரு பொண்ணு கொரலு, “கிரவுண்டு, மறுபடி சொல்லுங்க?”ன்னு.

அடக் கடவுளே! டிராக்டர் மேலேருந்து சிரஞ்சீவி என்னைப் பாக்கறான். பார்க்கிங் பிரேக்கை ரிலீஸ் பண்ணுங்கன்னு ஒழுங்கா இங்கிலீஷுல சொல்லி, தள்ளி முடிச்சி, பின்னைப் புடுங்கிக் காட்டினேன். பாவம், அந்தப் புள்ள ரெண்டு கையையும் தூக்கி ஆட்டிச்சி. வெளிய ஊரு இன்னும் ஆடிக்கினு கீது. அது நீ இல்லன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. எந்த மூஞ்சை வெச்சிக்கினு சொல்றது?

வூட்டுக்கு வந்தா உங்கம்மா வாசல்ல நின்னுக்கினு கேக்கறா, “இன்னா, பொண்ணைப் பாத்தியா?”ன்னு. முட்டி வலி எதையும் காணோம். முந்தானையை வாயில வெச்சிக்கினு சிரிக்கறா. “எனக்கு எல்லாம் தெரியும். பெத்த பொண்ணுகிட்ட பத்து மாசம் பேசாம இருந்தியே, நீயே போன் எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?”ன்றா.

30-ம் தேதி: உன் ஸ்பீடு போஸ்ட்டு இப்பதான் வந்துது. நல்லா வந்துது போ.

நைனா


அகமதாபாத்
31 மார்ச் 2026

நைனா,

போனைக் கையில எடுத்தேன், வெச்சிட்டேன். நீ எடுக்காட்டி என்ன பண்றதுன்னு பயமா இருந்துது. அதனால இன்னும் ஒரே ஒரு தபா கடுதாசி.

மன்பிரீத் 28-ம் தேதி வந்து எறங்கினதும் நேரா எங்கிட்ட வந்தா. “உங்க ஊருல என்னை எப்படி வரவேத்தாங்க தெரியுமா? வேலிக்கு அந்தப் பக்கம் மேளம்! கிரவுண்டுல ஒரு அங்கிள், ‘அம்மாடி துன்னியா’ன்னு அவ்ளோ பாசமா ஏதோ கேட்டாரு. என்ன அர்த்தம்?”னு கேட்டா. நான் அர்த்தம் சொன்னேன். அவ கண்ணு கலங்கிடுச்சி. எனக்குப் பொறாமை, நைனா. பத்து மாசமா நான் காத்துக்கினு இருந்த வார்த்தையை யாரோ வாங்கிக்கினு போய்ட்டா.

இன்னிக்கு ரேணிகுண்டாவுக்கு எறங்கும்போது ரன்வே தெரிஞ்சிது. நீ ஜல்லி கொட்டின ரன்வே. எங்க கேப்டன் லேண்டிங்கை எனக்குக் குடுத்துட்டாரு. மெத்துனு எறக்கினேன்னு அவரே சொன்னாரு. நீ பாத்தியா?

பிளேனைச் சுத்திப் பாத்து செக் பண்ண நான் கீழ எறங்கினேன். நீ நாலடி தள்ளி என் பின்னாலயே வந்தே. நான் டயரைப் பாத்தா நீயும் டயரைப் பாத்தே, நான் ரெக்கையைப் பாத்தா நீயும் ரெக்கையைப் பாத்தே. மூக்குச் சக்கரத்தாண்ட ரெண்டு பேரும் நின்னோம். பிளேன்தான் வந்து நின்னுடுச்சே, சத்தியம் முடிஞ்சிடுச்சே, பேசுவேன்னு பாத்தேன். நீ வாயைத் தொறந்து மூடினே. தலையில இருந்த தொப்பியைக் கழட்டி மறுபடி போட்டுக்கினே. நானும் சும்மாவே மேல ஏறிட்டேன். சாமி பாக்க வந்த தாத்தா வேற, லட்டுப் பையோட படியாண்ட வந்துட்டாரு.

வேலிக்கு வெளிய பம்பை இல்ல, டிராக்டர் இல்ல. அம்மா மட்டும் மஞ்சப் பொடவையில தனியா நின்னுக்கினு இருந்துது.

தரையோட யார் பேசறதுன்னு கேப்டன்தான் முடிவு பண்ணுவாரு. அவர் தன் மைக்கைத் தள்ளி வெச்சிட்டு, “நீ பேசு”ன்னு சொல்லிட்டாரு. ஹெட்செட்டுல உன் கொரல் வந்துது. “கிரவுண்டு டு காக்பிட், ரிலீஸ் பார்க்கிங் பிரேக்.” நான், “பிரேக் ரிலீஸ்டு”ன்னேன். பத்து மாசம் கழிச்சி நாம பேசின மொத பேச்சு அதுதான், நைனா. நீ தள்ளினே, ஒரு அதிர்வு இல்ல. நிறுத்தினே. “செட் பார்க்கிங் பிரேக்”னே. “பிரேக் செட்”னேன். எல்லாம் சட்டப்படி. பாரைக் கழட்டியாச்சுன்னு சொன்னே. அவ்ளோதானான்னு இருந்துது. அப்பதான் நானே கேட்டுட்டேன்: “நைனா, துன்னியா?”

பதில் வரல. கீழ குனிஞ்சி பாக்கறேன், நீ ஒயரைப் புடுங்கிக்கினு ஓரமா நடந்துக்கினு இருக்கே. திரும்பி நின்னே. பின்னைத் தூக்கிக் காட்டினே. செவப்பு நாடா காத்துல ஆடுச்சி. நான் கையைத் தூக்கினேன். நீ எறக்கவே இல்ல. நாங்க ரன்வேக்குத் திரும்பற வரைக்கும் காட்டிக்கினே நின்னே.

நான் கேட்டது உன் காதுல விழுந்துதா, நைனா? அதுக்கு முன்னாடியே ஒயரைப் புடுங்கிட்டியா? அது தெரியாம எனக்குத் தூக்கம் வராது.

உன் சங்கரி


புத்தூர்
5 ஏப்ரல் 2026

அம்மாடி,

விழுந்துது. நல்லாவே விழுந்துது.

துன்னேன்னு சொன்னா பொய். காலையிலேருந்து பச்சத்தண்ணி கூட எறங்கல. உங்கம்மா கட்டிக் குடுத்த புளிசோறு கட்டினபடியே இருந்துது. துன்னலன்னு சொன்னா நீ பிளேனு ஓட்டற நேரத்துல எங்கப்பன் பட்டினி கெடக்கறானேன்னு என்னையே நெனச்சிக்கினு இருப்பே. பின்னால நூத்தி அறுபத்தெட்டு உசுரு குந்தியிருக்குது. அதான் ஒயரைப் புடுங்கிட்டு வந்து பின்னைக் காட்டினேன். பின்னு எங்கிட்ட, நீ தாராளமா போன்னு.

எறக்காம ஏன் நின்னேன்னா, எறக்கினா என் வேலை முடிஞ்சிடும் இல்ல? சிரஞ்சீவிதான் வந்து கையைப் புடிச்சி எறக்கினான். நீ எறங்கினதையும் பாத்தேன். நல்லா எறக்கினே. ஆதிநாராயணன் சார்கிட்ட ஒரு தபாதான் சொன்னேன், அவரு நாலு தபான்றாரு.

அஞ்சு நாளா போன் பண்ணாததுக்குக் கோவம் காரணம் இல்ல. வெக்கமா கீது. இன்னா சொல்லி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. ஊர்ல 28-ம் தேதி வந்தது நீதான்னு இன்னும் நம்பிக்கினு கீறாங்க. நீ முன்னைக்கு நல்லா செவந்துட்டேன்னு உன் சித்தப்பன் சொல்லிக்கினு திரியறான். அந்தப் பஞ்சாபிப் புள்ளயை ஒரு நாள் இட்டுக்கினு வா, கேட்டுட்டு சோறு போடாம விட்டது ஒரு மாதிரியா கீது.

உங்க இன்ஜினீயரு நல்ல மனுஷன். பின்னைத் திருப்பி வாங்கிக்கினு, அந்தச் செவப்பு நாடாவை மட்டும் கழட்டி எங்கையில குடுத்துட்டாரு. பறக்கறதுக்கு முன்னால கழட்டணும்னு அதுல இங்கிலீஷுல எழுதியிருக்குது இல்ல? உங்கம்மா அதைக் கன்னுக்குட்டி கழுத்துல கட்டிட்டா. எடுடின்னேன். அது எங்க பறக்கப் போவுது, இருக்கட்டும்னுட்டா.

இப்ப கீரைக் கொழம்பு ஊத்தி ரெண்டு தட்டு துன்னுட்டுத்தான் இதை எழுதறேன். இனிமே கடுதாசி வேணாம். போன் பண்ணு, நான் எடுக்கறேன். நீ பண்ற வரைக்கும் நான் தாங்க மாட்டேன், இதைத் தபால்ல போட்டுட்டு வந்ததும் நானே பண்ணிடுவேன்னு உங்கம்மா சொல்றா. அப்பிடிப் பண்ணிட்டேன்னா, இது வந்து சேரும்போது பழசாயிருக்கும். இருந்தாலும் கிழிச்சிப் போட்டுடாதே, முழுசா படி.

நைனா